புதுப்பிப்பு: ஒகேனக்கல் போய்விட்டு வந்தாச்சு

காவிரியில் தண்ணீர் அதிகம், பரிசலுக்குத் தடை, அம்மாவோடு ஒகேனக்கல் போகலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். காவிரி தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதையே செய்தோம். நீர்வரத்து குறைந்து தடை நீங்கியதும், ஒரு வார நாளில் தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர், பேருந்திலேயே போனோம்.

அருவியை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள், விடுங்கள். எனக்குப் பிடித்தது பரிசலில் இறங்கிய பிறகுதான். இரண்டு பக்கமும் செங்குத்தான கரும்பாறை, நடுவில் ஆறு ஒடுங்கி ஓடுகிறது. பேச்சுச் சத்தம்கூட பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. மேலே சாரல் புகையாய் நிற்பதைப் பார்த்ததும்தான் கன்னடத்தில் 'ஹொகே' புகை, 'கல்லு' பாறை என்ற பெயர்க்காரணம் உறைத்தது. பரிசல்காரர் திடீரென்று வட்டமாகச் சுற்றிவிட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை சுத்தச் சொல்லுடா" என்றார்!

ஒரு குறை உண்டு. கட்டணம் பலகையில் எழுதியிருந்தும், கரையில் ஒருவர் கூடுதலாகக் கேட்டார். நகர்ந்துவிட்டோம். ஏறும் முன் பேசிவிடுங்கள். உயிர்காப்பு அங்கி எனக்கு இறுக்கம், அம்மாவுக்குத் தொளதொள. அப்புறம், வறுத்த மீன் பற்றிக் கேட்டவருக்கு: காரம் தூக்கல், ஆனால் மூன்று தட்டு காலி.