பழைய கார்வெட்டில் அப்பாவுடன் பௌலிங் கிரீன் வரை: 315 மைல் தாங்குமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரில் உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில், செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அமெரிக்கத் தொழிலாளர் நாள் விடுமுறையை ஒட்டி நடைபெறும் உரிமையாளர்கள் சந்திப்புக்கு இந்த ஆண்டு என் வண்டியிலேயே செல்ல விரும்புகிறேன். என்னிடம் இருப்பது 2002-ஆம் ஆண்டு ஐந்தாம் தலைமுறைக் கார்வெட், அதாவது செவ்ரலே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார். கையால் மாற்றும் ஆறு கியர். 78,000 மைல் ஓடியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொருவரிடமிருந்து வாங்கினேன். ஞாயிறு காலைகளில் நாற்பது, ஐம்பது மைல் ஓட்டியதைத் தவிர, அதை நெடும்பயணத்துக்கு எடுத்துச் சென்றதே இல்லை. அட்லாண்டாவிலிருந்து பௌலிங் கிரீன் ஏறக்குறைய 315 மைல்.

இன்னொரு செய்தியும் உண்டு. மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அப்பா அந்த நேரத்தில் எங்களுடன்தான் இருப்பார். வயது 71, முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர், இப்போது முழங்கால் வலி. தாழ்வான இந்த வண்டியில் அவரை ஐந்து மணி நேரம் உட்கார வைப்பது சரியா, அல்லது வீட்டில் சொல்வதுபோல உயரமான வாடகை வண்டியில் போய்விடலாமா என்று முடிவெடுக்க முடியவில்லை. எங்கள் பகுதி உரிமையாளர்கள் இருபது வண்டிகளாக அணிவகுத்துச் செல்கிறார்கள்; அவர்களோடு சேர்வதா, தனியே போவதா என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நீங்கள் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தோன்றுகிறது. அந்த 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின் 78,000 மைலில் உங்களைக் கைவிடுவது அரிது. ஆயில் அளவைப் புறப்படும் முன்பும் வழியில் பெட்ரோல் நிரப்பும்போதும் பார்த்துக்கொண்டால் போதும். நான் கேட்க விரும்புவது டயர்களைப் பற்றி. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே சந்திப்புக்குப் போகும்போது, மர்ஃப்ரீஸ்பரோவுக்கு அருகே ஐ-24 நெடுஞ்சாலையில், என் வண்டியின் பின்பக்க வலது டயரின் மேல்பட்டை உரிந்து, சக்கரத்துக்கு மேலுள்ள ஃபைபர்கிளாஸ் விளிம்பைச் சாட்டைபோல அடித்துப் பிளந்துவிட்டது. அந்த டயரில் பூ தேயவே இல்லை. பார்வைக்குப் புதிதுபோல இருந்தது. பிறகு எண்ணைப் படித்துப் பார்த்தபோதுதான் அது தயாராகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தது தெரிந்தது. குறைவாக ஓடும் வண்டிகளுக்கு இதுதான் ஆபத்து: ரப்பர் ஓட்டத்தால் தேய்வதற்கு முன்பே வயதால் இறுகி வெடித்துவிடுகிறது. டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். சில நேரம் அந்த எண் உள்பக்கச் சுவரில்தான் முழுமையாக இருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

இந்த வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது. காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய டயர்களைத்தான் தொழிற்சாலை பொருத்தி அனுப்பியது. முந்தைய உரிமையாளர் சாதாரண டயர்களுக்கு மாறியிருந்தால், பஞ்சர் அடைக்கும் பெட்டியும் சிறிய காற்றடிக்கும் கருவியும் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்.

அடுத்ததாக, வண்டியின் மூக்குக்கு அடியில் தொங்கும் ரப்பர் தடுப்பைக் கவனியுங்கள். வேகத்தடைகளில் உரசி உரசி அது பிய்ந்துபோயிருந்தால், பலர் அழகுக்கான பொருள் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் தலைமுறை வண்டி ரேடியேட்டருக்கான காற்றைக் கீழிருந்துதான் இழுக்கிறது. அந்தக் காற்றை மேலே திருப்பிவிடுவது இந்தத் தடுப்பு. அது இல்லாவிட்டால், நகருக்குள் ஒழுங்காக இருக்கும் வண்டி, நெடுஞ்சாலையில் ஆகஸ்ட் வெயிலில் சூடேறும். கீழிருந்து இழுப்பதாலேயே சருகும் பிளாஸ்டிக் பையும் ரேடியேட்டருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளும், அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மறுமொழி 2

அணிவகுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சேருங்கள், ஆனால் வரிசை கலையக்கூடாது என்ற பிடிவாதம் உள்ள குழுவாக இருந்தால் விலகிவிடுங்கள். இருபது வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிப் போனால், வெளிவழியில் இறங்க வேண்டிய சரக்கு லாரிக்காரருக்கு இடமே இருக்காது. அவர் குறுக்கே வரும்போது பின்னால் வரும் அனுபவமில்லாத ஓட்டுநர்தான் பதறிப் பிரேக்கை மிதிப்பார். முன் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததிலிருந்து மூன்று எண்ணும் தூரத்தை விடுங்கள். இடையில் யார் நுழைந்தாலும் நுழையட்டும். சட்டனூகாவைத் தாண்டி மான்டீகிள் மலையேறும்போது லாரிகள் ஊர்ந்து செல்லும், அங்கே வரிசை தானாகவே உடையும். நாஷ்வில்லில் ஐ-24 விட்டு ஐ-65-க்கு மாறும் இடத்தில் மீண்டும் உடையும். ஆகவே நாஷ்வில்லுக்கு வடக்கே ஓர் இடத்தில் கூடுவதென்று புறப்படும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மான்டீகிள் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். கட்டுப்பாடு இழந்த லாரிகளுக்கென்றே அங்கே மணல் ஏற்றங்கள் அமைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே சரிவு எப்படிப்பட்டது என்று புரியும்.

டென்னசிக்குள் நேரம் ஒரு மணி பின்னால் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பௌலிங் கிரீனும் அதே நேரத்தில்தான் இயங்குகிறது.

மறுமொழி 3

உங்கள் அப்பாவை இந்த வண்டியிலேயே அழைத்துச் செல்லுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். முழங்கால் வலி உள்ள என் மாமனாரை இருமுறை அப்படி அழைத்துச் சென்றிருக்கிறேன். ஏறும்போது காலை முதலில் வைக்கச் சொல்லாதீர்கள். முதுகைக் காட்டி இருக்கையில் அமர்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். இறங்கும்போது அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கதவு முழுதாகத் திறக்கும்படி இடம்விட்டு நிறுத்துவதும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதும் போதும். ஒரே நாளில் போகாமல் நாஷ்வில்லில் இரவு தங்கினால், மறுநாள் காலையில் மீதி 65 மைல்தான்.

பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தவருக்குக் காட்ட வேண்டிய பொருள் உங்கள் வண்டியின் அடியிலேயே இருக்கிறது. அவர் வாழ்நாளெல்லாம் கழற்றி மாட்டிய கமான் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்) கார்வெட்டையும் தாங்குகிறது. பேருந்தில் அது இரும்புத் தகடுகளை அடுக்கி, வண்டியின் நீளவாக்கில் இருக்கும்; உங்கள் வண்டியில் ஃபைபர்கிளாஸால் ஆன ஒற்றைப் பட்டையாக, முன்னாலும் பின்னாலும் குறுக்குவாட்டில் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை நீண்டிருக்கும். 1963 முதல் ஏழாம் தலைமுறை வரை பின்பக்கத்தில் இந்தக் குறுக்குப் பட்டை இருந்தது. எஞ்சின் நடுவுக்குப் போன எட்டாம் தலைமுறையில்தான் சுருள் ஸ்பிரிங் வந்தது. அருங்காட்சியகத்தில் அடிச்சட்டத்தைத் தனியே பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

தொழிற்சாலை வண்டிக்குத் தரும் அடையாள எண்ணின் (விஐஎன்) பதினேழு இடங்களில் பதினொன்றாவது இடத்தைப் பாருங்கள். 5 என்று இருக்கும். அது பௌலிங் கிரீன் தொழிற்சாலையின் குறியீடு. 1981 முதல் கார்வெட்டுகள் அங்கேதான் உருவாகின்றன. தொழிற்சாலை அருங்காட்சியகத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது. உங்கள் வண்டி தான் பிறந்த இடத்துக்குப் போகிறது.

அருங்காட்சியகத்தில் மஞ்சள் கூம்பும் சிவப்புக் கோபுரமும் கொண்ட மண்டபத்துக்குள் கட்டாயம் செல்லுங்கள். 2014 பிப்ரவரி 12 அதிகாலையில் அதன் தரை உள்வாங்கி எட்டு கார்வெட்டுகள் குழிக்குள் விழுந்தன. அந்தப் பகுதி முழுவதும் சுண்ணாம்புக்கல் நிலம். நீர் அரித்து அரித்து அடியில் குகைகள் உண்டாகிவிடும். உலகிலேயே மிக நீளமானதாக அறியப்பட்ட மாமத் குகையும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. எட்டில் மூன்றைச் சீரமைத்தார்கள். அவற்றுள் ஒன்று 1992-இல் உருவான பத்து இலட்சமாவது கார்வெட். மற்ற ஐந்தையும் நசுங்கிய நிலையிலேயே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் முன் நின்றபோது என் மாமனார் வெகு நேரம் பேசவே இல்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை டயர்களைப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டிலும் கடைசி நான்கு இலக்கங்கள் 0912. அதாவது 2012-ஆம் ஆண்டு ஒன்பதாவது வாரம். நான்கையும் மாற்றுவதற்குச் சொல்லிவிட்டேன். மூக்குக்கு அடியிலுள்ள தடுப்பின் இடப்பக்கத் துண்டைக் காணவே காணோம், அதற்கும் சொல்லியிருக்கிறேன்.

டயர் எண்ணைத் தேடி நான் குனிந்திருந்தபோது, கமான் பட்டை பற்றிய உங்கள் குறிப்பை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வலிக்கும் முழங்காலோடு கார் கொட்டகையின் தரையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்து, டார்ச்சை வாங்கிப் பின் அச்சுப் பக்கம் அடித்துப் பார்த்தார். "ஒரே பட்டைதானா? முறிந்தால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நாஷ்வில்லில் வெள்ளிக்கிழமை இரவுக்கு அறை பதிவு செய்துவிட்டேன்.

மறுமொழி 3

அரிதாகவே முறியும், முறிந்தால் முழுப் பட்டையையும் மாற்றுவார்கள், பேருந்தைப்போல ஒரு தகட்டை மட்டும் கழற்ற முடியாது. அப்பாவிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மஞ்சள் கூம்பின் அருகே என் சிவப்பு வண்டி நிற்கும்.