சின்ன குளியலறை, நிறைய சாமான்: யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் வாடகை வீடு. குளியலறை 4க்கு 7 அடிதான், கமோடும் அதிலேயே. நாங்கள் நாலு பேர்.

ஊரிலிருந்து அம்மா வந்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை. முட்டிவலி, ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். ஸ்டூலைப் போட்டால் பக்கெட்டுக்கு இடமில்லை. போன வாரம் தரையில் கிடந்த ஷாம்பு பாட்டிலை மிதித்து வழுக்கிவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். இனி தரையில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் டைல்ஸில் துளை போட வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை. ஒட்டும் அலமாரி வாங்கி மாட்டினேன், இரண்டே நாளில் விழுந்தது. போர் தண்ணீர்; டைல்ஸ் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது, அதில் பசை எங்கே பிடிக்கும்? வினிகர் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாரம் ஏற்றினால் நிற்கும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் உண்டா? எத்தனை பாட்டில் தாங்குகிறது?

இல்லையென்றால் மூலை ஸ்டாண்டு. வாஷ்பேசின் பக்கம் ஓரடி இடம் இருக்கிறது. எளிதில் துருப்பிடிக்காத 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கலாமா, பிவிசி போதுமா? பிளைவுட் வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும்.

அம்மா பிடித்து எழ ஒரு கைப்பிடியும் தேவை. சக்‌ஷன் வகையை (துளையில்லாமல் ரப்பர் கப்பால் சுவரில் ஒட்டிக்கொள்வது) நம்பப் பயமாக இருக்கிறது. அதற்கு மட்டுமாவது துளை போட ஓனரிடம் எப்படிப் பேசுவது?