புதுப்பிப்பு: சுனாமி எச்சரிக்கை, கரையோர சைரன் நிலவரம்

2004 சுனாமிக்குப் பிறகு எச்சரிக்கை குப்பம் வரை வந்து சேருமா என்பதுதான் முந்தைய இழையின் கேள்வி. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை நிறுவனம்) நடத்தும் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்து சுமார் 10 நிமிடத்தில் முதல் அறிக்கை வந்துவிடும். சுமத்ரா அலை நாகை வர 2 மணி நேரத்துக்கு மேலாகும். (அந்தமானுக்கு அந்த அவகாசம் இல்லை, நிலம் ஆடினாலே மேட்டுக்கு ஓட வேண்டியதுதான்.)

சொதப்புவது கரையோர சைரனின் பேட்டரி. உப்புக்காற்றில் முனையில் பச்சை பூக்கும், மீட்டர் 12.6 வோல்ட் என்று முழு சார்ஜ் காட்டும், சைரனை அழுத்தினால் வோல்டேஜ் சரிந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை ஒலிக்கவிட்டே சோதியுங்கள். முனையைச் சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவுங்கள்.

ஒத்திகையில் விடுபடுவது ஒன்று உண்டு: முதல் அலை வடிந்ததும் படகைப் பார்க்க ஓடுவது. அடுத்த அலை இன்னும் பெரிதாக வரலாம். எச்சரிக்கை விலகியதாக அறிவிக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது.