வங்கி அதிகாரிகள் முன் பேசும்போது கையை எங்கே வைப்பது?

கோரைப்பாய்:
பத்தமடையில் பாய் நெய்யும் எங்கள் சுய உதவிக் குழுவுக்குக் கடன் கேட்டு, வரும் செவ்வாய்க்கிழமை திருநெல்வேலியில் வங்கி அதிகாரிகள் முன் பத்து நிமிடம் பேச வேண்டும். போன முறை தாளைப் பிடித்த கை நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாதி நேரம் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரையை வாசித்துக்கொண்டிருந்தேன். பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதியெல்லாம் குரலும் முகமும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அப்படியானால் இரவெல்லாம் விழித்துப் போட்ட வரவுசெலவுக் கணக்குக்கு மதிப்பே இல்லையா?

பாளையங்கோட்டை ஆசிரியை:
கணக்கைக் கைவிட்டுவிடாதே அம்மா. சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற அந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொல் ஒன்றைச் சொல்லும்போது அதன் பொருளும் குரலும் முகமும் ஒத்துப்போகாவிட்டால், பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதை வைத்து ஊகிக்கிறார் என்றுதான் அவர் பார்த்தார். கடன் கேட்கும் பேச்சுக்கு அதைப் பொருத்துவது தவறு. ஆனால் தாள் வேண்டாம். மெல்லிய தாள் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். தடித்த அட்டையில் நான்கு வரி எழுதி மேசைமேல் வைத்துக்கொள்.

அம்பை வில்லடி:
தங்கச்சி, முப்பது வருடமாகக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடுகிறேன். இரவு ஒரு மணிக்குக் கூட்டம் தூங்கி விழும்போது நான் சத்தத்தைக் கூட்டுவதில்லை. வில்லை அடிக்கும் வீசுகோலை அப்படியே நிறுத்துவேன். உடுக்கை, குடம், தாளம் எல்லாம் உடன் நிற்கும். வில்லின் மணி ஓய்ந்ததும் தலைகள் நிமிரும். கதையின் உயிரான வரியை அப்போதுதான் சொல்வேன். நீங்களும் கடன் தொகையைச் சொல்லும் முன் ஒரு மூச்சு விடும் நேரம் நில்லுங்கள். சொன்ன பிறகும் நில்லுங்கள். உடனே விளக்கம் சொல்லப் பதறினால், அந்தத் தொகையை நீங்களே நம்பவில்லை என்று எண்ணிவிடுவார்கள். ஒரு வாக்கியம் முடியும்வரை ஒருவர் முகத்தைப் பாருங்கள், அடுத்த வாக்கியத்துக்கு வேறொருவர். எனக்கு ‘ஆமாம்’ போடப் பின்பாட்டுக்காரர் இருக்கிறார். உங்கள் குழுவிலிருந்து ஒருவர் எதிரே உட்கார்ந்து தலையசைக்கட்டும். அது பெரிய பலம்.

கோரைப்பாய்:
அண்ணாச்சி, நாங்கள் மெல்லிய கோரையில் நெய்யும் பட்டுப்பாய் ஒன்றை எடுத்துப் போகலாமா?

பாளையங்கோட்டை ஆசிரியை:
கட்டாயம் எடுத்துப் போ. பேசும்போது சுற்றுக்கு விட்டால் கண்ணெல்லாம் பாயில்தான் இருக்கும். கடைசியில் நீயே விரித்துக் காட்டு. கைக்கும் வேலை கிடைத்துவிடும்.

கோரைப்பாய்:
இன்று தறிக்கூடத்தில் பேசிப் பார்த்தேன். தொகையைச் சொல்லி நிறுத்தினேன். கோரையை ஊறப்போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.