"என்ர பொட்டி எங்க இருக்குதுங்க்கா?" – எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கிழக்கோரத்து அக்கா:

பொட்டி என்று அவள் கேட்டதும் துணிமணிப் பெட்டியைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுடையது பாலியல் வன்முறைக் கேஸ், பதிவாகி இரண்டு மாதம் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் உடம்பிலிருந்து எடுத்த சாம்பிள்களையும் அன்று போட்டிருந்த சுடிதாரையும் கவர் கவராகக் கட்டி, பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை குத்தினார்கள் அல்லவா, அதைக் கேட்டிருக்கிறாள். "அதுக்குள்ள நாந்தான இருக்கறேன்" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து வருஷமாக இந்த வேலை செய்கிறவள், பெட்டி ஆஸ்பத்திரியை விட்டுப் போனபிறகு எங்கே போகிறது என்று அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகாவின் கிழக்குக் கோடி. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், மாட்டுச் சந்தைக்குப் பொள்ளாச்சி. பாதிக்கப்பட்ட பெண்களோடு ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போவேன். பெரிதாக ஒன்றுமில்லை, பையைப் பிடித்துக்கொள்வது, டீ வாங்கித் தருவது, மலையாளத்தில் எழுதிய காகிதத்தைத் தமிழில் படித்துச் சொல்வது.

அவள் விஷயம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது. வேலை அங்கே, வீடு இங்கே. விடிகாலையில் அம்மா இங்கேயுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டாள். டாக்டர் நல்லவர், எல்லாம் முறையாகச் செய்தார். ஸ்டேஷனில்தான், "சம்பவம் தமிழ்நாட்டுல அல்லே, அவிடெ போய்க்கோ" என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறை) சட்டம் 173ஆம் பிரிவில், எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். அரை மணி நேரம் பேசியபிறகு போட்டார்கள், பிரதியும் இலவசமாகத் தந்தார்கள். பிறகு கேஸ் எல்லை தாண்டிப் போனது.

கேஸ் போனது, பெட்டி போகவில்லை. அந்தப் பக்கத்து ஸ்டேஷன், கொண்டுவந்து தருவார்கள் என்று காத்திருந்தது. இந்தப் பக்கத்து ஸ்டேஷன், வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று காத்திருந்தது. இரண்டு பக்கமும் போன் போட்டால் இரண்டு பக்கமும் "நடந்துட்டிருக்கு". பெட்டி இருந்தது ஒரு ஸ்டீல் பீரோவில், பழைய வண்டிச் சாவிகளுக்குப் பக்கத்தில். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவளிடம் போய் அப்படிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம், பெயர் எழுதமாட்டேன். பக்கத்தில் நாலு நம்பர். ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. நம்பர் (போலீஸ் கேஸாக வருகிறவர்களுக்குப் போடுவது), அதோடு எத்தனை கவர் சீல் ஆனது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்பதும். போலீஸில் க்ரைம் நம்பர். கோர்ட்டில் தொண்டி நம்பர், அதாவது கேஸில் ஒப்படைத்த பொருளுக்குப் போடுவது. கடைசியாக, ஆய்வகம் வாங்கி வைத்ததும் போடுகிற அதன் சொந்த நம்பர். ஒரே பெட்டிக்கு நாலு பெயர், ஒரு இடத்துப் பெயர் அடுத்த இடத்தில் செல்லாது. ஆய்வகத்துக்குப் போன் போட்டு எம்.எல்.சி. நம்பர் சொன்னால் அவர்களுக்கு அது யாரோ.

இன்னொன்று கற்றுக்கொண்டேன். "என்ன சார் ஆச்சு?" என்று கேட்கவே கூடாது. "எந்தத் தேதியில கோர்ட்டுக்குப் போச்சு, தொண்டி நம்பர் என்ன?" என்று கேட்டால் ரெஜிஸ்டரைத் திறந்துதான் ஆகவேண்டும்.

உங்கள் பக்கம் எப்படி? ஊர், ஸ்டேஷன், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பெண்ணின் அடையாளம் தெரிகிற எதுவும் வேண்டவே வேண்டாம், அது பி.என்.எஸ். (தண்டனைச் சட்டம்) 72ஆம் பிரிவில் குற்றம்.

லயத்து நர்ஸ்:

அக்கா, நீங்கள் பீரோவில் தேடினீர்கள். நான் பெட்டி கட்டுகிற இடத்தில் இருக்கிறவள். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலூகா, எஸ்டேட் தொழிலாளி மகள்.

எங்கள் மலையில் ஆடி மாதம் கைக்குட்டை காயாது. ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கிற சாம்பிள்) எடுத்தால் நிழலில், காற்றில் உலர்த்திவிட்டுத்தான் கவரில் போடவேண்டும். வெயில், ஹீட்டர் எதுவும் காட்டக்கூடாது. ஈரத்தோடு மூடினால் உள்ளேயே பூஞ்சை பிடித்து, ஆய்வகத்தில் திறக்கும்போது ஒன்றும் மிஞ்சாது. துணியும் அப்படித்தான், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதக் கவர். பிளாஸ்டிக் ஆகவே ஆகாது. போலீஸ்காரர் வெளியே "ஆயிடுச்சா சிஸ்டரே" என்று நின்றுகொண்டே இருப்பார். ஆகவில்லை என்று சொல்லத் தைரியம் வர எனக்கு மூன்று வருஷம் ஆனது.

லயத்து (எஸ்டேட் வரிசை வீடுகள்) பெண்கள் வந்து முதலில் சொல்வது, "தலைக்கு ஊத்திட்டேன் தாயி, இனி ஒண்ணும் இருக்காதுல்ல?" குளித்தது தப்பு மாதிரி அழுவார்கள். குளித்திருந்தாலும் எடுக்கலாம். 2014இல் மத்திய சுகாதாரத் துறை போட்ட வழிகாட்டுதலில் ஸ்வாப் எடுக்க 96 மணி நேரம் வரை சொல்லியிருக்கிறது. அதுவும் தாண்டிவிட்டதா, அப்போதும் வரவேண்டும். காயத்தைப் பதிவு செய்யலாம், மருந்து தரலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை மட்டும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிகிச்சைக்குப் பைசா கிடையாது, தனியார் ஆஸ்பத்திரியானாலும்.

சம்மதப் படிவம் மலையாளத்தில் இருக்கும். எங்கள் அம்மாமார் பேசுவது திருநெல்வேலித் தமிழ், எழுத்து எதுவும் தெரியாது. "இங்கெ ஒப்பிடு" என்றால் கைநாட்டு வைத்துவிடுவார்கள். நான் வரி வரியாகச் சொல்வேன். எது வேண்டாமோ அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம், ரத்தம் எடுக்கச் சரி, வேறொன்று வேண்டாம் என்றால் அதையும் எழுதவேண்டும். அதைக் கேட்டதும் ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, "வேண்டாம்னு சொல்லலாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கிற இரண்டு விரல் சோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் 2013இலேயே அது தவறு என்றது. 2022 அக்டோபரில், செய்கிற டாக்டர் ஒழுங்கீனக் குற்றவாளி ஆவார் என்றே சொல்லிவிட்டது. யாராவது ஆரம்பித்தால் கூட இருப்பவர் வாயைத் திறக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற குமஸ்தா:

முப்பது வருடம் கோர்ட்டில் இருந்தவன், அதில் ஏழு வருடம் தொண்டி செக்‌ஷன். எல்லாப் பழியும் ஊழியர் மேல் விழுவதால் எழுதுகிறேன். (தமிழிலும் தொண்டி, மலையாளத்திலும் தொண்டி. பாஷை மாறினாலும் அந்த அறையின் வாசம் மாறாது.)

கேரளத்தில் போலீஸ் பொருளைக் கோர்ட்டில் ஒப்படைக்கும், கூடவே ஃபார்வேடிங் நோட் (ஆய்வகத்துக்கு அனுப்பும் குறிப்பு) வரும். கோர்ட்டு வழியாக ஆய்வகம் போகும். தலைமை ஆய்வகம் திருவனந்தபுரம், வட்டார ஆய்வகம் திருச்சூரிலும் கண்ணூரிலும் உண்டு. தமிழ்நாட்டிலும் கோர்ட்டு வழிதான், அங்கே பட்டியல் படிவத்தை 'ஃபார்ம் 95' என்பார்கள். தாமதம் பெரும்பாலும் சின்னக் காரணத்தில் பிறக்கிறது. கவரில் உள்ள முத்திரையின் மாதிரியை ஃபார்வேடிங் நோட்டிலும் பதிக்க வேண்டும். அது விட்டுப் போயிருக்கும். அல்லது பட்டியலில் ஐந்து உருப்படி, பெட்டியில் நாலு கவர். திரும்பி வரும். திரும்பி வந்ததை யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லமாட்டார்கள். அதனால் அந்த அம்மா கவர் எண்ணிக்கையை எழுதி வைத்தது நல்ல காரியம். நம்பரைவிட அதுதான் முக்கியம் என்பேன்.

சார்ஜ் ஷீட் போட்டாயிற்று என்றால் ஆய்வக ரிப்போர்ட் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரிப்போர்ட் பின்னால் வந்து சேர்வது சகஜம். ரிப்போர்ட்டில் விந்து காணவில்லை என்று வந்தால் கேஸ் விழுந்தது என்றும் இல்லை. அந்தப் பெண்ணின் வாக்குமூலம் நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இதைத் தெரியாமல் ஒரு தகப்பன் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தினமும் போன் போடாதீர்கள். எடுப்பவனுக்கும் மனசு மரத்துப் போகும்.

கிழக்கோரத்து அக்கா:

தினமும் இல்லைங்க சார், மாதம் ஒருமுறை. பி.என்.எஸ்.எஸ். 193இல், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸே பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. மெசேஜில் சொன்னாலும் போதும். அப்படித் தானாக மெசேஜ் வந்த பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. வந்தால் நோட்டையே எரித்துவிடுகிறேன்.

கடல் தாண்டிய சித்தூர்க்காரி:

அக்கா, நான் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் நர்ஸ். உங்கள் நோட்டைத்தான் இங்கே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் பார்கோடு நம்பர். அதை ஒரு சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்துவிடுவோம். வீட்டிலிருந்தே பார்க்கலாம்: ஆஸ்பத்திரியை விட்டுப் போனதா, போலீஸ் வாங்கியதா, ஆய்வகத்தில் இருக்கிறதா, முடிந்ததா. பெயர் தேவையில்லை, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. மாநிலம் முழுக்க இப்படி முதலில் கொண்டுவந்தது ஐடஹோ. எங்கள் மாநிலத்தில் 2018இல் வந்தது.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். 2009இல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ் கிடங்கு ஒன்றில் பரிசோதிக்காமலே 11,000க்கு மேல் பெட்டிகள் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம்தான் ஊர் ஊராக எண்ணத் தொடங்கினார்கள். உங்கள் பீரோ கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சீட்டைப் பல பெண்கள் வாங்கிக்கொண்டு ஒருநாளும் திறந்து பார்ப்பதில்லை. வேண்டாம் என்று தோன்றினால் பார்க்காமல் இருப்பதும் அவர்கள் இஷ்டம். ஒருத்தி மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எழுந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

நம் ஊரிலும் ஏதோ ஆன்லைன் உண்டு என்றார்களே?

கிழக்கோரத்து அக்கா:

உண்டு. 2019இல் மத்திய உள்துறை கொண்டுவந்தது, பாலியல் குற்ற விசாரணை எத்தனை நாளில் முடிகிறது என்று பார்க்கிற ஏற்பாடு. போலீஸ் அதிகாரிகள் பார்க்கலாம். இவள் பார்க்க முடியாது. எஃப்.ஐ.ஆர்.கூட இந்த மாதிரிக் கேஸ்களில் வெப்சைட்டில் ஏற்றமாட்டார்கள், அது அவள் நல்லதுக்குத்தான். ஆக, நாற்பது பக்க நோட்டுதான் எங்கள் கம்ப்யூட்டர்.

மெசேஜ் அனுப்புவதில் ஒரு சங்கடம். வீட்டில் ஒரே போன், அண்ணன் கையில் இருக்கும். அதனால் தையல்காரி மாதிரி பேசுவேன். ஜாக்கெட் துணி வெட்டியாச்சு என்றால் கோர்ட்டுக்குப் போய்விட்டது. தைக்கிறேன் என்றால் ஆய்வகத்தில். ஒரு தடவை அண்ணனே கூப்பிட்டு, "இத்தன நாளா ஒரு ஜாக்கெட்டா? வேற ஆளுகிட்டக் குடுக்கறோம்" என்று திட்டிவிட்டார்.

பெயர் வேண்டாம்:

நாந்தானுங்க அந்தப் பொட்டிக்காரி. அக்கா கேட்டுட்டுத்தான் எழுதுனாங்க.

அந்த ரூம்ல நகம் வெட்டி எடுத்தாங்க, தலைய சீவி முடி எடுத்தாங்க, ஒரு பேப்பர் மேல நிக்க வெச்சுத் துணிய மாத்தச் சொன்னாங்க. பச்சை சுடிதாருங்க. தீபாவளிக்கு எடுத்தது, முதல் சம்பளம். ஊட்டுக்கு வந்து என்ர மனசுல ஓடுனதெல்லாம் அந்தச் சுடிதாருதான். எங்க மடிச்சு வெச்சிருக்காங்களோ, எத்தன பேரு தொட்டாங்களோன்னு. பீரோவுல இருக்குதுன்னு தெரிஞ்சன்னைக்கு மூணு மாசத்துல முதல் தடவையா நல்லாத் தூங்குனேன். கெட்ட சேதிதான், ஆனா எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுதே.

குமஸ்தா ஐயாவுக்கு ஒரு கேள்வி. அது திரும்பக் கெடைக்குமுங்களா?

ஓய்வுபெற்ற குமஸ்தா:

கேஸ் முடிந்து, அப்பீல் காலமும் தாண்டியபிறகு கோர்ட்டு உத்தரவு போடும் தாயி. தீர்ப்பிலேயே ஒரு வரி இருக்கும், பொருளை என்ன செய்வது என்று. துணியாக இருந்தால் பெரும்பாலும் அழித்துவிடச் சொல்வார்கள். வேண்டுமென்றால் வக்கீலை முன்கூட்டியே மனு போடச் சொல்.

பெயர் வேண்டாம்:

திரும்ப வேண்டாமுங்க. அழிக்கறப்ப மட்டும் சொல்லணும், அவ்வளவுதான்.

நாலாவது நம்பர் போன வியாழக்கிழமை வந்துச்சு. அண்ணன் போன்ல அக்கா மெசேஜ் போட்டிருந்தாங்க: "உடம்பு தைச்சாச்சு, கை மட்டும் பாக்கி."