மலைப்பாதையில் கிளட்ச் கருகிய வாசனை

போன மே மாதம் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு முன்னால் ஒரு பஸ். எதிரே வண்டி வந்தால் பஸ் வளைவுக்கு முன்பே நின்று வழி விடும். நானும் பின்னால் நிற்பேன். ஹேண்ட்பிரேக் போடவில்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டி பின்னால் உருளாதபடி பிடித்து வைத்திருந்தேன். ஊருக்குள் மேம்பால ஏற்றத்தில் பல வருஷமாக அப்படித்தான் செய்து வந்தேன்.

பாதி மலை ஏறியிருப்போம். “ஏதோ கருகுற வாசனை வருதுங்க” என்றார் மனைவி. முன்னால் போகும் பஸ்ஸின் பிரேக் என்று நினைத்துவிட்டேன். அடுத்த இரண்டு வளைவுக்குள் எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. ஓரங்கட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, பிறகு முதல் கியரிலேயே கீழே இறக்கி, நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன்.

மறுநாள் அவர் கழற்றிய கிளட்ச் பிளேட்டை, எஞ்சின் சக்தியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் தட்டை, என் கையில் கொடுத்தார். லைனிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே தெரிந்தது. அந்தத் தட்டு ஒட்டிக்கொள்ளும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலில் நீல நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. இரும்பு அப்படி நீலம் பாய ஏறக்குறைய 300 டிகிரி சூடு வேண்டும். “பிளேட் முழுசா ஒட்டிக்கிட்டா சூடு இல்ல சார், முழுசா விலகிட்டாலும் சூடு இல்ல. நீங்க ரெண்டுக்கும் நடுவுலயே வச்சிருந்தீங்க” என்றார். எஞ்சின் கொடுத்த சக்தி சக்கரத்துக்குப் போகாமல் அந்தத் தட்டிலேயே உராய்ந்து சூடாகிவிட்டது. இப்போது ஏற்றத்தில் நின்றால் முதல் வேலை ஹேண்ட்பிரேக். கிளட்ச் பிடித்து வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும்போது அதை விடுவிக்கிறேன். மலை ஏறுபவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து இதை முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

* * *

தம்பி, நீங்கள் முதல் கியரில் இறங்கினீர்கள் பாருங்கள், அதுதான் சரி. நான் 1980களில் லாரி ஓட்டியவன். திம்பம் மலையில் 27 வளைவு. மைசூர்ப் பக்கமிருந்து லோடு ஏற்றிக்கொண்டு பண்ணாரிக்கு இறங்குவோம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் அப்போது பலரிடம் இருந்தது. ஒருமுறை நானும் விட்டேன்.

இரண்டு வளைவுதான். வேகம் ஏறிவிட்டது, பிரேக் லைனர் புகைகிறது, மிதித்தால் முன்போலப் பிடிக்கவில்லை. கியர் போடப் பார்த்தால் ‘கர்ர்ர்’ என்று அலறுகிறதே தவிர விழவில்லை. அந்தக் கியர் பெட்டியில் இப்போதைய கார்களில் இருக்கிற, பற்களின் வேகத்தைத் தானே சமமாக்கும் சிங்க்ரோ வளையம் கிடையாது. சக்கரத்தோடு சுழலும் பல்லும் எஞ்சின் பக்கத்துப் பல்லும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் ஒன்றுக்குள் ஒன்று போகும். அதற்குத்தான் டபுள் கிளட்ச். நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்து எஞ்சின் வேகத்தை ஏற்றி, சட்டென்று மறுபடி கிளட்சை அழுத்திக் கியரைத் தள்ள வேண்டும். மூன்றாவது முயற்சியில் தேர்டு கியர் விழுந்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்தது போல ஒரு அடக்கம். கிளீனர் பையன் கதவைத் திறந்துகொண்டு குதிக்கத் தயாராக நின்றான். அவன் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரில் இறங்கு என்பார்கள். அந்தக் கியரையும் சரிவு தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

* * *

ஐயா சொன்னதைப் படித்து மனசு பதறிவிட்டது. கிளட்ச் தட்டே இல்லாத இணைப்பும் உண்டு. நான் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி கன்வேயர் பராமரிப்பில் இருந்தேன். அங்கே மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஃப்ளூயிட் கப்ளிங் இருக்கும். எதிரெதிரே இரண்டு ஃபேன் வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயில், அவ்வளவுதான். 1905இல் ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் இந்த வகைக்குக் காப்புரிமை எடுத்தது கப்பல்களை மனதில் வைத்து. 1930களில் பிரிட்டனின் டைம்லர் பஸ்களில் கிளட்ச் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் இதுதான் இருந்தது.

இங்கேயும் வழுக்கல் உண்டு, சூடும் உண்டு. ஆனால் தேய ஒன்றும் இல்லை, சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் பெல்ட்டில் பெரிய கல் சிக்கி எல்லாம் நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் ‘புஸ்’ என்று கொதிக்கிற ஆயில் கூண்டுக்குள் பீய்ச்சி அடித்தது. கப்ளிங்கில் இருக்கும் ஃப்யூசிபிள் பிளக், அதாவது சூடு மீறினால் உருகும் அடைப்பு, உருகிவிட்டது. அது உருகத்தான் செய்ய வேண்டும். ஆயில் வெளியேறினால் மோட்டார் தனியே சுற்றும், கியர் பாக்ஸ் தப்பும். 

ஆட்டோமேட்டிக் கார்களில் பெரும்பாலும் இதன் தம்பியான டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் ஆயிலைத் திருப்பிவிடுவதால், புறப்படும்போது முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எல்லா ஆட்டோமேட்டிக்கும் இந்த வகை இல்லை, உள்ளே கிளட்ச் தட்டே வைத்தவையும் உண்டு. எதுவானாலும் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். இறக்கத்தில் டி-யில் (டிரைவ்) விடாமல் எல் அல்லது 2 என்ற தாழ்ந்த கியருக்கு மாற்றுங்கள். மலை போய் வந்த பிறகு கியர் பாக்ஸ் ஆயிலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கருத்துப்போய் கருகிய வாடை அடித்தால் அதை மாற்றிவிட வேண்டும்.