ஓஸ்லோவில் உங்கள் வீடு எந்தப் பக்கம்?

தோயென்வாசி:

ஓஸ்லோ வந்த மூன்றாவது மாதம். அலுவலகத்தில் காபி நேரத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வகுப்பில் கற்ற அரைகுறை நார்வேஜிய மொழியில் நானும் 'பூக்கா' என்று சொல்லிவைத்தேன். 'அந்தப் புத்தகம்' என்று அர்த்தம். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டு, "வீடு கிழக்குப் பக்கமா?" என்றார். தூக்கிவாரிப்போட்டது. வீடு தோயெனில்தான், கிழக்கேதான். ஆனால் அது இவருக்கு எப்படித் தெரிந்தது?

மேற்கே வளர்ந்த பழைய குடும்பங்களில் அதையே 'பூக்கென்' என்பார்களாம். ஒரே ஊர், ஒரே புத்தகம், கடைசி எழுத்தில் முகவரி! நம் ஊரில் வட்டாரப் பேச்சை வைத்து ஆளை எடைபோடுவதற்கு நான் பழகியவன்தான். ஆனாலும் ஏழு லட்சம் பேர் வாழும் ஊருக்குள்ளேயே இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஊரைக் கிழக்கு மேற்கு என்று பிரிக்கும் ஆக்கெர்செல்வா ஆற்றோரமாக மேலே நடந்தேன். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத ஆறு. வடக்கே மாரிதால் ஏரியில் கிளம்பி, ஊரின் நடுவே அருவி அருவியாக இறங்கி, ஃபியோர்டு என்கிற நீண்ட கடல் விரிகுடாவில் கலக்கிறது. ஊர்க் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஏரித் தண்ணீர் என்பதால் அதில் இறங்கிக் குளிக்க விடமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த அருவிகளின் வேகத்தை நம்பித்தான் ஆலைகள் வந்தன. ஆலைத் தொழிலாளிகள் கிழக்கே குடியேற, வசதியானவர்கள் மேற்கே அரண்மனைக்குப் பின்புறம் வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று ஆலைகள் இல்லை. பாய்மரத் துணி நெய்த கட்டடத்தில் கலைக் கல்லூரி நடக்கிறது. தொழிலாளர் குடியிருப்பாக இருந்த க்ரூனெர்லொக்காவில் இன்றைய வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனாலும் மனசுக்குள் இருக்கும் கோடு அழியவில்லை. சராசரி ஆயுள்கூட மேற்கே சில ஆண்டுகள் கூடுதல்.

மெட்ரோவிலும் இதைப் பார்க்கலாம். எல்லாத் தடங்களும் நடு ஊரில் ஒரே சுரங்கத்தில் போய்விட்டு அப்புறம் பிரிகின்றன. குளிர்காலத்தில் மேற்கே மலை மேல் போகும் ஒன்றாம் எண் ரயிலில் ஏறினால் பாதிப் பேர் கையில் பனிச்சறுக்குக் கட்டை, மீதிப் பேர் மடியில் சறுக்கு வண்டி. கடைசி நிலையத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் சறுக்கிக் கீழே வந்து, மறுபடி ரயிலேறி மேலே போவார்கள். நானும் ஒரு தடவை போனேன். முட்டி தேற இரண்டு வாரம் ஆனது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஸ்தோவ்னர்ப் பிள்ளை:

அண்ணா, நீங்கள் சொல்லும் கிழக்கு எங்களுக்கு நடு நகரம்! நான் வளர்ந்தது க்ரூருத் பள்ளத்தாக்கில். அப்பா 80களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நார்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம் நின்றுவிட்டுத்தான் ஓஸ்லோவுக்கு இறங்கினவர். எங்கள் பக்கத்துக்கு ரயில் வரும்போது ரொம்சோஸ் நிலையம் மலைப்பாறைக்கு உள்ளேயே இருக்கும். சின்ன வயதில் அதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

மேற்குப் பக்கத்து வகுப்புத் தோழி ஒருத்தி, "அங்கே இரவில் பயமில்லையா?" என்று கேட்டாள். அவள் ஒருநாளும் அங்கே வந்தது கிடையாது. பிறகு வந்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் காடு என்று கண்டதும் கொஞ்சம் பொறாமைப்பட்டாள் என்றே நினைக்கிறேன். நகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடுதான். மார்க்கா என்போம். அதற்குள் வீடு கட்டி நுழையாமல் இருக்க 2009இல் தனிச் சட்டமே வந்தது. வாடகை எப்படி ஏறினாலும் காட்டில் கை வைக்க இங்கே யாருக்கும் துணிவு வராது.

நார்வேயின் அரசியலமைப்பு நாளான மே 17 காலையில் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியோடு மெட்ரோவை நிரப்பிக்கொண்டு போவோம். அரண்மனைக்கு முன்னால் நடக்கும்போது எங்களுக்கு முன்னால் எந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம், பின்னால் எது என்று யாரும் பார்ப்பதில்லை. 2015இல் கம்சாயினி குணரத்தினம் துணை மேயர் ஆன அன்று அம்மா தொலைபேசியைக் கீழே வைக்கவே இல்லை.

மதுரை வாத்தியார்:

மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. கிழக்கு மேற்கு எல்லாம் எனக்குத் தெரியாது. நான் கவனித்தது சாக்கடை மூடியை. வட்ட இரும்பு மூடியில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஒரு கையில் மூன்று அம்பு, இன்னொரு கையில் திருகைக்கல், காலடியில் ஒரு பெண். சாமியா என்று கேட்டேன். ஊரின் காவல் புனிதர் ஹால்வார்டாம். திருட்டுப் பழி சுமத்தப்பட்ட பெண்ணைக் காப்பாற்றப் போய் அம்பு பட்டு இறந்தவர். திருகைக்கல்லைக் கட்டித் தண்ணீரில் போட்டும் உடல் மிதந்தது என்பது கதை. அப்படிப்பட்டவர் எங்கள் பக்கம் என்றால் எல்லையில் கோயில் எழுப்பிப் படையல் போட்டிருப்போம்.

ஊர்ப் பெயரின் கதை இன்னும் வேடிக்கை. 1624இல் ஊர் எரிந்ததும், டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியன் அதை அகேர்ஷுஸ் கோட்டைக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டி, கிறிஸ்டியானியா என்று தன் பெயரை வைத்தான். எரிந்த இடம் புறநகராகி, ஓஸ்லோ என்ற பெயரோடு ஓரமாகக் கிடந்தது. 1925இல்தான் அந்தப் பெயர் முழு ஊருக்கும் திரும்பியது. பிறந்தநாள் கணக்கும் அதற்கேற்ற மாதிரிதான்: 1924இல் 300 வயது, 1950இல் 900, 2000இல் 1000! பழைய கல்லறைகளைத் தோண்டத் தோண்ட வயது கூடியிருக்கிறது. கீழடி பக்கத்திலிருந்து வந்தவனுக்கு இது புரியாதா என்ன.

"மாமா, தரையைப் பார்த்தது போதும், நிமிர்ந்து ஓப்பரா ஹவுஸைப் பாருங்க" என்கிறார் மருமகன். சரி என்று அதன் வெள்ளைக்கல் கூரை மேல் ஏறி ஃபியோர்டையும் பார்த்தேன். இறங்கி வரும் வழியில் இன்னும் இரண்டு மூடி. ஒன்றில் அம்பு தேய்ந்துவிட்டது, திருகைக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.